மகள் கல்யாண விருந்தில் 'இசபெல்லா' பாடலாமா? வீட்டில் ஒரே சண்டை

ஈசூன் ரிதம்:

மூத்தவளுக்கு டிசம்பர்ல கல்யாணம். காலையில கோயில்ல தாலி, ராத்திரி சமூக மன்ற மண்டபத்துல விருந்து, 300 பேர். இசைக்குழு பேசியாச்சு. அவங்க சாப்பிடப் போற 15 நிமிஷம் மேடை சும்மாதானே கிடக்கும், அந்த நேரத்துல எங்க பழைய பேண்டு ஏறி ரெண்டு பாட்டு வாசிக்கிறதா ஏற்பாடு. முதல் பாட்டு தமிழ், அதுல ஒரு பிரச்சினையும் இல்ல. ரெண்டாவதுதான் வெட்டுக்குத்து. 'இசபெல்லா'.

தெரியாத பிள்ளைங்களுக்குச் சொல்றேன். 1981ல மலேசியாவுல, ஜொகூர் பாருவுல கிளம்பின மலாய் ராக் பேண்டு 'சர்ச்' (Search, தேடல்னு அர்த்தம்). 1989ல வந்த 'ஃபெனோமெனா' ஆல்பத்துல இந்தப் பாட்டு. மெட்டு எம். நாசிர், வரி பாப் லோக்மான், பாடினவர் ஏமி. மெதுவா, ஒரு ஆளு தனியா உக்காந்து புலம்புற மாதிரி ஆரம்பிக்கும். அப்புறம் டிரம்ஸ் விழும். அதுக்கப்புறம் ஏமியோட குரல் மேல போகும் பாருங்க, கரோக்கேல அந்த இடத்துக்கு ஏறின பாதிப் பேரு இன்னும் இறங்கல.

எங்க பேண்டுன்னா பெருசா நினைச்சுடாதீங்க. சிங்கப்பூர் ஈசூன்ல ஒரே புளோக்குல வளர்ந்த நாலு பேர். எதிர் வீட்டு மலாய்க்காரர் பாட்டும் லீடு கிட்டாரும். என்னைவிட ஒரு வயசு மூத்தவர், அதனால அன்னைக்கும் இன்னைக்கும் எனக்கு அபாங், மலாய்ல அண்ணன். ரெண்டு மாடி கீழ இருந்த சீன நண்பன் டிரம்ஸ். டிரம்ஸ்னா முதல் ஒரு வருஷம் மைலோ டின்னும் பிஸ்கட் டின்னும்தான். பேஸ் வாசிச்சது பெரியம்மா பையன், அவன் இப்ப பெர்த்ல இருக்கான். நான் ரிதம் கிட்டார். வேற எதுவும் வராது.

கேசட்டை பாசார் மாலாம்ல, அதான் ராத்திரிச் சந்தையில, 7.90 வெள்ளிக்கு வாங்கினேன். என் பிளேயர்ல பெல்ட் தொய்ஞ்சு போயிருந்துச்சு, பாட்டு கொஞ்சம் மெதுவா ஓடும், அரைக் கட்டை இறங்கிக் கேக்கும். எனக்கு எப்படித் தெரியும்? மூணு வாரம் உக்காந்து அந்தச் சுருதியிலயே கோர்டு தேடித் தேடி எழுதி வச்சேன். அபாங் வீட்டு டெக்கு சரியான வேகத்துல ஓடுற நல்ல டெக்கு. ரெண்டு பேரும் முதல் தடவை சேர்ந்து வாசிச்ச அன்னைக்கு அவரோட நெனெக், அதாவது பாட்டி, அடுப்படியில இருந்து கரண்டியோட வெளியே வந்து எங்களைப் பார்த்தாங்க. அந்தப் பார்வையை எழுத முடியாது. கிட்டார் கழுத்துல தந்தியை அழுத்திச் சுருதியை ஏத்துற கேப்போ வாங்கக் காசில்ல. முதல் ஃப்ரெட்டுல ஒரு பென்சிலை வச்சு ரெண்டு பக்கமும் ரப்பர் பேண்டைச் சுத்தி இறுக்கினதுக்கப்புறம்தான் நான் ஊரோட ஒத்துப்போனேன்.

எங்கம்மா கதை வேற. "எங்கடா போற?"ன்னு கேப்பாங்க. "சர்ச் பாட்டு பழகப் போறேம்மா"ன்னு சொல்லிட்டு ஓடிடுவேன். பேண்டு பேரே அதுன்னு அவங்களுக்கு எங்க தெரியும்? வீட்டுல இருக்கிற நேரமெல்லாம் இசபெல்லா, இசபெல்லா. ரெண்டையும் கூட்டிப் பார்த்து, பையன் ஒரு கிறிஸ்தவப் பொண்ணுக்காக மதம் மாறப் போறான்னு முடிவுக்கு வந்துட்டாங்க. சித்தியைத் துணைக்குக் கூட்டிக்கிட்டு சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலுக்குப் போயி, அர்ச்சனை பண்ணி, எனக்குக் கையில கயிறு கட்டி விட்டாங்க. அந்தக் கயிறோடதான் முதல் ஷோ வாசிச்சேன், புளோக்குக்குக் கீழ திறந்து கிடக்கிற வாய்ட் டெக்குல, எதிர் வீட்டு அக்கா நிச்சயதார்த்தத்துக்கு.

அடுத்த வருஷம் என்எஸ், கட்டாய தேசிய சேவை. சனிக்கிழமை மத்தியானம் நாங்க படுக்கிற பங்க்ல ஒரு கிட்டார் இருக்கும். எல்லார் தலையும் பொட்டாக். முதல் வரியை மலாய்ப் பையன் யாராவது எடுப்பான், மேல போற இடம் வந்ததும் சீனன், தமிழன், யூரேசியன்னு 20 பேரும் சேர்ந்து கத்துவோம். தோளுக்குக் கீழ முடி வளர்த்தவர் பாட்டை மொட்டைத் தலைங்க பாடுற அழகைப் பார்த்து சார்ஜன்ட்டே ஒரு தடவை சிரிச்சுட்டாரு. பின்னாடி 90கள் நடுவுல வேலை விஷயமா அடிக்கடி பாத்தாம் போவேன், அங்க கோப்பிக் கடையில எல்லாம் இதே பாட்டு. மலேசியாவுல பெரிய ஹிட்டுன்னு தெரியும், கடல் தாண்டி இந்தோனேசியாவையும் பிடிச்சிருந்ததை அங்க போயித்தான் பார்த்தேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். இந்த வருஷம் ஹரி ராயாவுக்கு அபாங் வீட்டுக்குப் போனப்ப, "உன் மக கல்யாணத்துல நான் இசபெல்லா பாடுவேன், அதுதான் என் பரிசு, மொய் எல்லாம் எதிர்பார்க்காதே"ன்னு சொல்லிட்டாரு. நானும் வாயெல்லாம் பல்லா தலையாட்டிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னா என் மச்சான், அதாவது வீட்டுக்காரியோட அண்ணன், குதிக்கிறாரு. "ரெண்டு உலகத்துக் காதல், சேராத காதல்னு ஒருத்தன் அழுகுற பாட்டு. பொண்ணை வச்சுக்கிட்டு மேடையில பாடுவியா? வாய் வார்த்தைக்குப் பலன் உண்டு." யாருக்கும் அர்த்தம் புரியாது மச்சான்னு சொல்லித் தப்பிக்கவும் முடியாது. சம்பந்தி துறைமுகத்துல 30 வருஷம் வேலை பார்த்தவர், என்னைவிட நல்லா மலாய் பேசுவார். சம்பந்தியம்மா கெலாங் சிராய் சந்தையில பேரம் பேசியே வளர்ந்தவங்க.

அபாங்குக்கு 55 வயசு, டாக்சி ஓட்டுறாரு. தினமும் வண்டியில பழகுறாராம். வேற பாட்டுக்கு மாத்துங்கன்னு நான் எந்த வாயால சொல்வேன்? மச்சான் சொல்றது சரியா? இந்தப் பாட்டு உங்க காதுல எப்படி விழுது?

தேக்கா ஹெவி:

அண்ணே, அபசகுனம் எல்லாம் எனக்குத் தெரியாது. பாட்டைப் பத்தி மட்டும் என் மனசுல இருக்கிறதைச் சொல்லிடுறேன், 35 வருஷ எரிச்சல்.

சர்ச்சோட முதல் ஆல்பம் 'சிந்தா புவாத்தான் மலேசியா', 1985. 1987ல 'மெந்தாரி மேரா டி உஃபுக் திமூர்'. அதைப் போட்டா ஜன்னல் கண்ணாடி அதிரும். கறுப்பு டீ சட்டை, இறுக்கமான ஜீன்ஸ், எங்களை மாட் ரோக், ராக் பைத்தியம்னு சொல்லிச் சிரிப்பாங்க, சிரிச்சுட்டுப் போகட்டும். அந்த மாதிரி மலாய் ராக்குக்குப் பேரே ரோக் கப்பாக், சும்மாவா, கப்பாக்குன்னா கோடாலி! அப்புறம் இந்த இசபெல்லா வந்துச்சு. அதுவரைக்கும் எங்களைத் திட்டிக்கிட்டு இருந்த எல்லா அக்காங்களும், அத்தைங்களும், ஆபீஸ் கிளார்க்குங்களும் ஏமி ரசிகர். எங்க கூட்டத்துல யாராவது இதை ஹம் பண்ணினா "ஜிவாங்"னு சொல்லித் தலையில தட்டுவோம். அதாவது அழுமூஞ்சி. கோடாலியை வச்சு வெங்காயம் வெட்டினா கண்ணுல தண்ணி வராம என்ன வரும்?

உலகம் பூரா அப்ப அப்படித்தான்னு வைங்க. 1984ல ஸ்கார்பியன்ஸ் 'ஸ்டில் லவ்விங் யூ' போட்டதுல இருந்து, நம்ம பக்கம் எந்த பேண்டா இருந்தாலும் ஆல்பத்துல ஒரு ஸ்லோ ரோக் வச்சே ஆகணும். அந்த ஒரு பாட்டு விக்கும், அந்தக் காசுல மீதி ஒன்பது பாட்டை சத்தமா வாசிச்சுக்கலாம்.

இன்னொரு வயித்தெரிச்சல். 1992ல மலேசியாவுல, நீளமுடிக்காரங்களுக்கு அரசாங்க ரேடியோ டிவியான ஆர்டிஎம்ல இடம் கிடையாதுன்னு சொல்லி, தகவல் அமைச்சர் முகமது ரஹ்மாட் கத்தரியோட நிக்க, ஏமியும் விங்ஸ் பேண்டுப் பாடகர் ஆவியும் (Awie) தலையைக் கொடுத்தாங்க. சர்ச்சோட கோடாலிக் காலத்துக்கு அன்னைக்குத்தான் கருமாதின்னு நாங்க பேசிக்கிட்டோம். நம்ம ஊரும் சளைச்சது இல்ல. 1972ல லெட் செப்பலின் முடி காரணமா இங்க வாசிக்காமலே போனாங்க. நீளமுடி வச்ச ஆம்பளைங்களுக்குக் கடைசியாத்தான் சேவைன்னு அரசாங்க அலுவலகத்துல சுவரொட்டியே ஒட்டியிருந்தாங்கன்னு எங்கப்பா சொல்வாரு.

இவ்வளவும் சொல்லிட்டு உண்மையையும் சொல்லிடுறேன். போன வருஷம் புக்கிட் தீமா எக்ஸ்பிரஸ்வேல வண்டி நகரல, ரேடியோவுல இது வந்துச்சு. சத்தத்தைக் கூட்டினேன். கண்ணாடியை ஏத்திட்டுத்தான் கூட்டினேன். எங்க ஆளுங்க யாரும் இதைப் படிக்க மாட்டாங்கங்கிற நம்பிக்கையில எழுதுறேன்.

ரெண்டு பிள்ளைக்கு அப்பா:

மச்சான் பேச்சைக் கேளுங்க. நாளைக்குப் புருஷன் பெண்டாட்டிக்குள்ள ஒரு சின்னச் சண்டை வந்தாலும் "அன்னைக்கே சொன்னேன், அந்தப் பாட்டு"ன்னு ஆரம்பிச்சுடுவாங்க. ஒரு பாட்டுக்காக ஆயுசுக்கும் பேச்சு வாங்கணுமா? அதே பேண்டோட 'ஃபேண்டாசியா புலான் மாடு' பாடுங்க. பேருலயாவது தேனிலவு இருக்கு.

ஈசூன் ரிதம்:

அது இதைவிட உயரம் போகும்ங்க. அபாங் அதை எடுத்தாருன்னா மண்டப வாசல்ல ஆம்புலன்ஸை நிறுத்தி வைக்கணும்.

அங் மோ கியோ அக்கா:

தம்பி, நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். உங்கள் மச்சானிடம் என் சார்பில் ஒரு கேள்வி கேளுங்கள். இந்த ஊரில் அவர் போன கல்யாண விருந்துகளில் பிரிவுப் பாட்டே பாடாத விருந்து எது? போன மாதம் தெம்பனிசில் ஒரு வரவேற்பு. மணமக்கள் கேக் வெட்டும்போது இசைக்குழு பாடியது, காதலி கைவிட்டுப் போன பிறகு காதலன் பாடும் பாட்டு. மொத்த மண்டபமும் கைதட்டியது. பெண்ணின் தாத்தா தாளம் போட்டார். மெட்டு நன்றாக இருந்தால் நாம் சொல்லைக் கேட்பதே இல்லை. 25 வருடம் செய்யுள் நடத்தியவள் சொல்கிறேன்.

தேக்கா ஹெவி அழுமூஞ்சி என்று எழுதியிருக்கிறார். அழுகைக்கு என்ன குறை? நெய்தல் என்று ஒரு திணையையே இரங்கலுக்காக ஒதுக்கி வைத்தவர்கள் நாம். கடற்கரையில் நின்று அழுவதைப் பாட்டாக்கிய மொழியில் பிறந்துவிட்டு, ஒரு மலாய்க்காரர் அழுதால் மட்டும் சிரிப்பு வருகிறதா?

இந்தப் பாட்டை மலேசியப் பாட்டு என்றே எல்லாரும் பேசுகிறோம். பேண்டு ஜொகூர் பாருதான். ஆனால் மெட்டுப் போட்ட எம். நாசிர் 1957இல் சிங்கப்பூரில் பிறந்தவர். கெம்பாரா குழுவில் பாடிக்கொண்டிருந்த காலத்திலிருந்தே அவர் மெட்டுகளில் ஒரு நாட்டுப்புற வாடை இருக்கும். இசபெல்லாவிலும் மெதுவாக வரும் பகுதியைக் கிட்டார் இல்லாமல் வாய்விட்டுப் பாடிப் பாருங்கள், படகுக்காரன் பாட்டு போல இருக்கும். அதற்கும் முன்னால் இங்கேயே ரம்லி சாரிப் 'ஸ்வீட் சேரிட்டி' ராக் குழுவில் கரகரத்த குரலில் இதற்கெல்லாம் வழி போட்டுவிட்டார். அவர் பின்னாளில் நம் தேசிய கீதத்தை நிதானமாகப் பாடியதைக் கேட்டிருப்பீர்கள்.

சர்ச்சின் தொடக்க காலத்தில் கிட்டார் வாசித்தவர் ஹிலரி ஆங் என்கிற சீனர். எங்கள் பள்ளியில் அப்போது மலாய்ப் பிள்ளைகள் மட்டுமா இந்தக் கேசட்டைக் கைமாற்றினார்கள்? தமிழ்ப் பாட வேளையில் நான் பறிமுதல் செய்த கேசட்டுகள் ஒரு இழுப்பறை நிறைய இருந்தன. 1990இல் ஏமி நடித்து இதே பெயரில் படம் வந்தபோது ஒரு மாணவி கட்டுரை ஏட்டின் அட்டை முழுக்க அவர் பெயரை எழுதி வைத்திருந்தாள், தமிழ் எழுத்தில், சந்திப்பிழை இல்லாமல். அதற்காகவே திட்டவில்லை.

அது கிடக்கட்டும். மச்சான் சொன்னதை எழுதினீர்கள், சம்பந்தி பற்றி எழுதினீர்கள், உங்கள் அம்மா 1989இல் நினைத்ததைக்கூட எழுதினீர்கள். கல்யாணப் பெண் என்ன சொல்கிறாள்? அவளிடம் கேட்டீர்களா?

கீபோர்டு தம்பி:

அங்கிள், நான் கல்யாண இசைக்குழுவுல வாசிக்கிறவன், 26 வயசு. பாட்டு எனக்குத் தெரியும், மலாய் நண்பர்கள் கல்யாணத்துல மாமாங்க மைக்கைப் பிடுங்கிப் பாடுற பாட்டு. பாடலாமா கூடாதாங்கிறதைப் பெரியவங்க பேசிக்கங்க, நான் மேடை விஷயத்தை மட்டும் சொல்றேன்.

சுருதியை இறக்குங்க. 1989 கட்டையில 55 வயசு அங்கிள் பாடினா மேல இருக்கிற சுரத்துல கண்டிப்பா உடையும். வண்டிக்குள்ள பழகுறது வேற, அங்க அவர் கத்துறது அவருக்கு மட்டும்தான் கேக்கும். ஒரு முழுக் கட்டை இறக்கினாலும் பாட்டு கெட்டுப் போகாது. ஆனா ரொம்ப இறக்கினா ஆரம்ப வரிகள் தரைக்குக் கீழ போயிடும், முணுமுணுப்பாத்தான் கேக்கும். இந்த மாதிரிப் பாட்டெல்லாம் கீழ இருந்து மேல ஏறுற தூரத்துலதான் நிக்குது. ரெண்டு முனையையும் ஒரு தடவை பாடிப் பார்த்துட்டு கட்டையை முடிவு பண்ணுங்க.

டிரம்ஸ் அங்கிள்கிட்ட முதல் பல்லவி வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு இருக்கச் சொல்லுங்க. பழைய ஆளுங்க எல்லாரும் பண்ற தப்பு, ரெண்டாவது வரியிலயே ஹை ஹேட்டை, அந்த ஜோடித் தாளத்தட்டை, தட்ட ஆரம்பிச்சுடுறது. அப்படித் தட்டிட்டா அப்புறம் டிரம்ஸ் விழுற இடத்துல ஒன்னும் விழாது.

சாப்பாட்டு நேரத்துல வைக்காதீங்க. பிரியாணித் தட்டு சத்தத்துல மெதுவான பகுதி யாருக்கும் கேக்காது. எங்க குழுவா இருந்தா மணமக்கள் மேசை மேசையா வணக்கம் சொல்லிட்டு வந்து உக்கார்ந்ததும் உங்களுக்கு மேடையைக் கொடுப்போம். உங்க குழுக்காரங்ககிட்ட பேசிப் பாருங்க. டிரம்ஸ், மைக் எல்லாம் அவங்களோடதையே கேளுங்க, புதுசா மாட்டிக் கழட்ட 15 நிமிஷம் பத்தாது.

ஈசூன் ரிதம்:

எல்லாருக்கும் நன்றி. ஒரு வாரமா எழுதலை, காரணம் அக்கா கேட்ட கேள்வி. உண்மையிலேயே மகள்கிட்ட கேக்கலை. மச்சான் கேட்டாரு, வீட்டுக்காரி கேட்டா, நான் இங்க வந்து உங்களை எல்லாம் கேட்டேன், கல்யாணம் பண்ணப் போறவகிட்ட யாருமே கேக்கலை.

ஞாயித்துக்கிழமை பசியாற உக்கார்ந்தப்ப கேட்டேன். தோசையைப் பிட்டுக்கிட்டே, "பெரியப்பா பாடுற தாலாட்டுதானேப்பா, அதுக்கு என்ன?"ன்னா.

எனக்கு ஒரு நிமிஷம் ஓடலை. அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. இவ பொறந்தது 1997. முதல் நாலஞ்சு மாசம் ராத்திரி 11 ஆனா அழ ஆரம்பிப்பா, ரெண்டு மணி வரைக்கும் ஓயாது. நான் ஷிஃப்டு வேலை, வீட்டுக்காரி தூக்கமில்லாம சுருண்டு போயிருப்பா. எதிர் வீட்டுக் கதவு திறக்கும். அபாங் சாரோங்கோட வந்து பிள்ளையை வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டு, காரிடார்ல அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடப்பாரு. முதுகுல தட்டிக்கிட்டே இசபெல்லா, மெதுவா வர்ற பகுதி மட்டும், திரும்பத் திரும்ப. மேல போற பகுதியைப் பாடினா புளோக்கே முழிச்சுக்குமே. அந்த வீட்டை விட்டு வந்து 20 வருஷம் ஆச்சு, எனக்கு மறந்தே போச்சு. இவ வளர்ந்தப்புறமும் அங்க போனா அவரு பாடிக் காட்டியிருக்காரு போல.

அது பிரிஞ்சு போன காதல் பாட்டும்மான்னு சொன்னேன். இவளுக்கு மலாய் சாப்பாடு சொல்ற அளவுக்குத்தான் வரும். "அப்ப இசபெல்லாங்கிறது பாப்பா பேர் இல்லையா?"ன்னு கேட்டா. இத்தனை வருஷமும் அப்படித்தான் நினைச்சிருக்கா. வீட்டுக்காரி அடுப்படிக்குள்ள போயிட்டா, ரொம்ப நேரம் வெளியே வரலை.

மச்சான்கிட்ட இதைச் சொன்னேன். ஒன்னும் பேசலை. சாயங்காலம் போன் பண்ணி, தமிழ்ப் பாட்டு ரெண்டாவதா வரட்டும், முடிக்கிறப்ப மங்களமா முடியணும்னாரு. அதுக்கு நான் ஒத்துக்கிட்டேன். இசபெல்லா முதல்ல, தமிழ் பின்னாடி.

செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒரு ஜாம்மிங் ஸ்டுடியோவுல ரெண்டு மணி நேரம் எடுத்தோம். அபாங் பழைய கட்டையில ஆரம்பிச்சாரு. கீபோர்டு தம்பி சொன்ன மாதிரியே மேல போற இடத்துல உடைஞ்சுது, இருமி, தண்ணி குடிச்சு, வெளியே போயிட்டு வந்தாரு. நான் கேப்போவைக் கழட்டினேன். இப்ப நிஜ கேப்போதான், பென்சில் இல்ல. கழட்டினதும் தொய்ஞ்ச பெல்ட்டு பிளேயர்ல நான் கத்துக்கிட்ட அதே சுருதி, கை தானா போகுது. அபாங் என்னைப் பார்த்து, "இது உன் வீட்டு இசபெல்லா"ன்னாரு. அதுலயும் கடைசி உச்சம் கொஞ்சம் எட்டலை, அதனால தந்தியை எல்லாம் இன்னொரு அரைக் கட்டை தளர்த்தினோம். நின்னுடுச்சு. ஏமி இல்லதான், ஆனா நின்னுச்சு. டிரம்ஸ்காரன் பல்லவி வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு இருந்தான், அவனுக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து கிட்டாரைச் சாத்தி வச்சேன். அம்மா சோபாவுல உக்கார்ந்திருந்தாங்க, 80 ஆகுது, காது கொஞ்சம் மந்தம். "எங்கடா போயிட்டு வர்ற இந்நேரத்துல?" சர்ச் பாட்டு பழகிட்டு வர்றேம்மான்னு சொன்னேன். வாய் தவறி வந்துடுச்சு, சத்தியமா. மேலயும் கீழயும் பார்த்துட்டு, "அந்தப் பொண்ணு இன்னும் இருக்காளா?"ன்னு கேட்டாங்க.

இப்ப மிச்சம் ஒரே ஒரு தொல்லை. மண்டபத்துல ராத்திரி 10:30க்குச் சத்தத்தை நிறுத்தியாகணும், மேசை சுத்தி வர்ற நேரம் இழுத்தா எங்களுக்கு 8 நிமிஷம்தான் கிடைக்கும். ரெண்டு பாட்டுல எதைச் சுருக்குறது? கீபோர்டு தம்பி, நடுவுல வர்ற லீடைப் பாதியா வெட்டினா கேக்கிறவங்களுக்குத் தெரியுமா? அபாங் சம்மதிக்க மாட்டாரு, அதை நான் பார்த்துக்கிறேன்.